கைப்பிடியா, பூட்டா என்ற கோப்பு

கதவு என்பது திறப்பதற்கும் மூடுவதற்கும் உரிய ஒரு பொருள் என்பதில் யாருக்கும் கருத்து வேறுபாடு இருக்க முடியாது. கருங்கல்லுக்கும் இரணியலுக்கும் நடுவே, பேருந்து பாதி நின்றும் பாதி நிற்காமலும் போகிற எங்கள் ஊரில், இந்த இரண்டு காரியங்களையும் ஒரு இரும்புக் கொண்டியும் அரைக்கிலோ திண்டுக்கல் பூட்டும் சேர்ந்து வெகுகாலமாகக் குறையில்லாமல் செய்துவந்தன. பூட்டு தொங்கினால் ஆள் இல்லை. தொங்காவிட்டால் ஆள் உண்டு. ரோட்டில் நின்று பார்த்தே தெரிந்துகொண்டு திரும்பிப் போய்விடலாம்.

இது நாகரிகம் இல்லை என்று முதலில் கண்டுபிடித்தவர் ஜான்ரோஸ். மஸ்கட்டில் பதினோரு வருடம் இருந்துவிட்டு 2006-ல் ஊர் திரும்பி, சந்தை முக்கில் கதவுச் சாமான்களுக்கென்றே ஒரு கண்ணாடிக் கடை திறந்தார். உருண்டை நாப், நீட்டு லீவர், சிங்கமுக வளையம் என்று கைப்பிடிகள் எல்லாவற்றையும் வெல்வெட் துணியில் நகை மாதிரி அடுக்கி வைத்தார். அதற்குப் பிறகு எங்கள் ஊரில் பால்காய்ப்பு நடந்த எந்தப் புது வீட்டிலும் கொண்டி கிடையாது. வீடு கட்டியவன் தம்மாமில் வெயிலில் நிற்பான். அவன் வீட்டு வாசலில் பொன்நிற நாப் ஒன்று மின்னிக்கொண்டிருக்கும். ஒரு பால்காய்ப்பில் வீட்டுக்காரரின் தாய்மாமன் குளியலறைக்குள் மாட்டிக்கொண்டு, பருப்பு முதல் பாயசம் வரை வென்டிலேட்டர் வழியாகவே வாங்கிச் சாப்பிட்டார். வெளியே வந்ததும் அவர் செய்த முதல் வேலை, தன் வீட்டுக்கும் அதே நாப்பில் நாலு சொல்லி வைத்ததுதான்.

என்னைப் பற்றியும் ஒரு வார்த்தை சொல்லிவிடுகிறேன். பெயர் சுந்தரராஜ். பி.எஸ்சி. இயற்பியல். பட்டத்தை எடுத்துக்கொண்டு நான் ஏறாத வாசல் இந்த மாவட்டத்தில் இல்லை. கடைசியில் எங்கள் ஊர் வருவாய்த்துறை துணை அலுவலகத்துக்கு எதிரே ஒரு ஜெராக்ஸ் கடை போட்டேன். மனு எழுதுவேன், லேமினேஷன் போடுவேன். லேமினேஷன் மிஷின் ஒழுங்காக வேலை செய்கிறதா என்று பார்க்க முதன்முதலில் அதற்குள் விட்டது என் பட்டத்தைத்தான். அது இன்றும் கடையில் மாதிரிக்காகத் தொங்குகிறது.

2011 ஜூலை மாதம் எதிர் அலுவலகத்துக்கும் நாகரிகம் வந்தது. ஜான்ரோஸ் அண்ணனின் பட்டா மாறுதல் மனு ஒன்று அங்கே பதினாலு மாதமாகக் கிடந்தது. மனு கிடப்பில் கிடக்கிறவருக்குப் பொதுநலம் தானாகவே ஊறும். அவர் துணை வட்டாட்சியரின் அறைக்கு இலவசமாக ஒரு உருண்டை நாப் தர முன்வந்தார். துணை வட்டாட்சியர் ஆனந்தகிருஷ்ணன் தோவாளைக்காரர். நல்ல மனிதர். யாருக்கும் ஒரு கெடுதலும் செய்தவரில்லை. அதே கண்டிப்போடு ஒரு நன்மையும் செய்யாமல் பார்த்துக்கொண்டவர். அவர் சம்மதித்தார். பழைய கொண்டி அறுத்தெடுக்கப்பட்டது. திண்டுக்கல் பூட்டு ஏலத்துக்கு ஒதுக்கப்பட்டது. பளிங்குக் கல்லில் "இக்கைப்பிடி உபயம்" என்று வெட்டிச் சுவரில் பதித்தார்கள்.

ஒரு திங்கட்கிழமை காலை நாப்புக்கு ரிப்பன் கட்டி திறப்பு விழா நடந்தது. துணை வட்டாட்சியர் ஐயா ரிப்பனை வெட்டினார். எல்லோரும் கை தட்டினோம். போட்டோக்காரர் மட்டும் திருப்தியில்லாமல் நின்றார்.

"சார், கதவு தொறந்து கெடந்தா நாப்பு இருட்டுல போயிருது. கொஞ்சம் சாத்திப் பிடிச்சா பளிச்சுன்னு வரும்."

ஐயா வராந்தாவில் நின்றபடி நாப்பைப் பிடித்து இழுத்துச் சிரித்தார். 'டக்' என்று ஒரு சத்தம் கேட்டது. போட்டோ உண்மையிலேயே நன்றாக வந்திருந்தது.

"சாவி?" என்றார் ஐயா.

"உள்ள மேசை டிராயர்ல இருக்கு சார். ரெண்டும்" என்றார் உதவியாளர் ராஜமணி. "தளவாடப் பதிவேட்டுல வரவு வைக்காம சாவியை எடுத்துப் புழங்கப்பிடாதுல்லா? அதான் பாக்கெட்டைப் பிரிக்கவே இல்ல."

"பதிவேடு?"

"அதுவும் உள்ளதான் சார்."

ராஜமணிக்கு இருபத்தாறு வருட சேவை. இத்தனை வருடத்தில் அவர் ஒரு விதியைக்கூட மீறியதில்லை. அன்றும் மீறவில்லை. ஜன்னலில் எல்லாம் இரும்புக் கம்பி. உள்ளே முத்திரைகள், கோப்புகள், கையெழுத்தாகி முத்திரைக்காகக் காத்திருக்கும் சான்றிதழ்கள் எல்லாம் பத்திரமாக இருந்தன. அந்த அறை அத்தனை பத்திரமாக அதற்கு முன் ஒருநாளும் இருந்ததில்லை.

கூட்டம் கலைகிற நேரத்தில் பூங்கனி வந்தாள். பூங்கனி வெளிநாட்டுக்காரர்களின் பூட்டிக் கிடக்கும் வீடுகளைத் திறந்து, கூட்டித் துடைத்துப் பார்த்துக்கொள்கிறவள். புருஷன் ரப்பர் பால் வெட்டு. மகள் ரெஜிஷா பிளஸ் டூவில் பள்ளியிலேயே முதலாவது வந்திருந்தாள். வியாழக்கிழமை சென்னையில் பொறியியல் கலந்தாய்வு. 'எங்கள் குடும்பத்தில் இதுவரை ஒருவரும் பட்டம் வாங்கியதில்லை' என்பதற்கு அரசாங்கம் ஒரு சான்றிதழ் தரும். அதைக் காட்டினால் கட்டணச் சலுகை. காட்டாவிட்டால் படிப்பு அந்த மேசையோடு முடிந்தது. ரெஜிஷாவும் தாயோடு துடைப்பம் எடுக்க வேண்டியதுதான்.

அந்தச் சான்றிதழுக்கு அவள் மூன்று வாரமாக நடந்தாள். அதில் ஒரு வாரம் என் பாவம். அவளுடைய சாதிச் சான்றிதழ் மழையில் நனையக் கூடாதே என்று நான்தான் லேமினேட் செய்து கொடுத்திருந்தேன். "லேமினேட் செய்தது செல்லாது" என்று ராஜமணி திருப்பி அனுப்பிவிட்டார். புதிதாக ஒன்று வாங்கிக் கொடுத்து, வெள்ளிக்கிழமைதான் முதல் பட்டதாரி சான்றிதழில் கையெழுத்து விழுந்தது. இனி முத்திரை ஒன்றுதான் பாக்கி. அது கதவுக்கு அந்தப் பக்கம் இருந்தது.

பூங்கனி நாப்பைக் குனிந்து பார்த்தாள். பிறகு சாதாரணமாகச் சொன்னாள்.

"இதுக்கா இந்தப் பாடு? நான் கூட்டுத வீடுகள்ல எல்லாம் இந்தச் சாதனந்தான். வாரத்துக்கு ரெண்டு மட்டம் தானே அடைச்சுக்கிடும். நான் தொறந்து தாரேன் சார், ஒரு நிமிசம்."

"ஏட்டி, கையை எடு!" என்று ராஜமணி அலறினார். "அரசாங்கக் கதவாக்கும். தொட்டா கேசு."

ஐயாவும் ராஜமணியும் வராந்தாவில் பெஞ்சு போட்டு உட்கார்ந்து ஆலோசித்தார்கள். பூட்டை உடைப்பது என்று முடிவாயிற்று. உடைக்க ஒரு உத்தரவு வேண்டும். உத்தரவுக்கு முத்திரை வேண்டும். முத்திரை உள்ளே இருந்தது.

"அதை விடும் ஓய். மேலிடத்துக்கு எழுதிக் கேப்போம்" என்றார் ஐயா. "என்னன்னு எழுத?"

"அங்கதான் சார் இடிக்குது. இது பூட்டுன்னா தளவாடம். நம்ம துறை. கைப்பிடின்னா கட்டடத்தோட சேந்தது. பொதுப்பணிக்காரங்க பாக்கணும். நாம கல்லுல என்ன வெட்டியிருக்கோம்?"

நான் உட்பட மூன்று பேரும் சுவரைப் பார்த்தோம். கைப்பிடி என்றுதான் வெட்டியிருந்தது.

போனில் சொன்னதும், மறுநாள் செவ்வாய்க்கிழமை பொதுப்பணித்துறை உதவிப் பொறியாளர் ஜீப்பில் வந்தார். கண்ணாடியை மாட்டிக்கொண்டு நாப்பைப் பிடித்து ஆட்டினார், இழுத்தார், தட்டிப் பார்த்தார். பிறகு எழுதினார்: 'கைப்பிடி உறுதியாக உள்ளது. ஆட்டம் ஏதுமில்லை. பழுது நீக்கத் தேவையில்லை.'

"சார், கதவு தொறக்கல்லியே" என்றேன்.

"நீங்க யாரு?"

"எதிர்க்கடை."

"கைப்பிடின்னா பிடிக்கதுக்கு. பிடிக்க முடியுதா, இல்லியா?"

"முடியுது."

"பின்ன என்ன? தொறக்கது மூடுதது எல்லாம் பூட்டு சம்பந்தப்பட்டது. எனக்க வரம்புல வராது."

ராஜமணி பணிவோடு கேட்டார். "அப்போ பூட்டுன்னு வச்சு நாங்களே உடைச்சிரலாமா சார்?"

"பூட்டு வேலை செய்யுதா?"

"நல்லா செய்யுது சார். அதான் பிரச்சினையே."

"வேலை செய்யுத சாமானை உடைக்க விதியே கிடையாது. பழுதாச்சுன்னு சான்று வாங்கணும். நல்லா இருக்க ஒண்ணை எவன் பழுதுன்னு எழுதுவான்? பென்ஷன் போயிரும்."

இதற்குப் பிறகு நிபுணர் கருத்துக்காக ஜான்ரோஸ் அண்ணன் வரவழைக்கப்பட்டார். வழவழப்பான புத்தகம் ஒன்றோடு வந்து, ஸ்டூலில் ஏறி நின்று வகுப்பே எடுத்தார்.

"உருண்டை நாப்புல நாலு தினுசு உண்டு சார். பூட்டே இல்லாம சும்மா திருகுதது ஒண்ணு, அது நடைவழிக்கு. உள்ள பட்டனை அமுக்குனா பூட்டுதது ஒண்ணு, அது குளிமுறிக்கு. வெளிய சாவி, உள்ள பட்டன், அது வாசலுக்கு. நாலாவதுதான் சொகமான சாதனம், ஸ்டோர் ரூம் டைப்பு. சாத்துனா தன்னால பூட்டிக்கிடும். உள்ள இருந்து எப்பவும் தொறக்கும். வெளிய இருந்து சாவி இல்லாம ஆண்டவரே வந்தாலும் தொறக்காது."

"நமக்கு எதைப் போட்டீரு?"

"சாருக்கு நான் மட்டம் குடுப்பேனா? நாலாவதுதான்."

"இது ஸ்டோர் ரூமா ஓய்? பொதுமக்கள் வந்து போற எடம்லா?"

ஜான்ரோஸ் அண்ணன் தயங்கினார். "எனக்க பட்டா மனு பதினாலு மாசமா உள்ள கெடக்கப்போய், ஸ்டோர் ரூமுன்னுதான் நான் நெனச்சேன் சார்."

ஐயா அதைக் கேட்காதது போல இருந்தார். அந்தத் திறமை இல்லாமல் யாரும் துணை வட்டாட்சியர் ஆகிவிட முடியாது.

"சரி, இது பூட்டா கைப்பிடியா? நிபுணர்ங்கற முறையில நீரே சொல்லும்."

"புடிச்சா கைப்பிடி. பூட்டுனா பூட்டு."

"ரெண்டுல ஒண்ணு சொல்லும். பதிவேட்டுல வகைக்கு ஒரு கட்டந்தான் இருக்கு."

"கம்பெனிக்கு எழுதிக் கேக்கணும் சார். நாமளா கையை வச்சா கேரண்டி போயிரும்."

ஆகவே, பொருளின் வகை குறித்து மாவட்ட அலுவலகத்தின் தெளிவுரை வேண்டி கடிதம் எழுதுவதென்று ஒருமனதாக முடிவு செய்யப்பட்டது. கடிதத்தை நான்தான் என் கடையில் டைப் செய்தேன். 'பார்வையில் காணும் கைப்பிடி (அல்லது) பூட்டு தொடர்பாக' என்று தொடங்கி மூன்று பக்கம். முத்திரை இல்லாததால் அனுப்ப முடியவில்லை. கோப்பில் வைத்தோம்.

புதன்கிழமை காலையில் பூங்கனி மகளைக் கூட்டிக்கொண்டு பையோடு வந்து வராந்தாவில் உட்கார்ந்துவிட்டாள். சாயங்காலம் இரணியலில் சென்னை வண்டி. ரெஜிஷா ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு உள்ளே பார்த்துக்கொண்டே நின்றாள். அவளுடைய சான்றிதழ் மேசையில், ஒரு கண்ணாடிக் குண்டுக்கு அடியில், ஃபேன் சுற்றாததால் ஆடாமல் அசையாமல் கிடந்தது. பெயர்கூட வாசிக்க முடிந்தது. ஒரு கம்பு விட்டால் எட்டிவிடும் தூரம்.

மூன்று மணிக்கு என்னால் பொறுக்க முடியவில்லை. கடையை அப்படியே போட்டுவிட்டு ரோட்டைத் தாண்டினேன்.

"சார், நாளைக்கு அந்தப் பிள்ளை பேரை விளிக்கும்போ என்னத்தக் காட்டும்? கைப்பிடி உறுதியா இருக்குன்னு பொதுப்பணிக்காரர் எழுதினதைக் காட்டவா?"

"ஓய் சுந்தரராஜ், எனக்கும் பொம்பளப்பிள்ளை இருக்கு. நானா வேண்டாம்னு சொல்லுதேன்? நடைமுறைன்னு ஒண்ணு இருக்குல்லா."

ரெஜிஷா திரும்பிப் பார்த்தாள். "அம்மா, வீட்டுக்குப் போவோம். வேண்டாம்மா. நான் வேற ஏதாவது பாக்குதேன்."

அந்தப் பிள்ளை அழாமல்தான் சொன்னாள். எனக்குத்தான் கண் கலங்கிவிட்டது, சொல்ல வெட்கமில்லை.

பூங்கனி எழுந்தாள். பையைத் திறந்து ஒரு பிளாஸ்டிக் அட்டையை உருவினாள். நான் லேமினேட் செய்து கெடுத்த அதே சாதிச் சான்றிதழ். நேரே கதவருகே போனாள்.

"சார், கேசு போடணும்னா போடுங்க. நான் செயிலுக்குப் போறேன். எனக்க பிள்ளை சென்னைக்குப் போகட்டு."

"ஐயையோ, என்ன செய்யப்போற?" என்று ஐயா எழுந்தார்.

"இந்தப் பூட்டுக்கு நாக்கு இருக்குல்லா சார், அதுல ஒரு பக்கம் சரிவாக்கும். இடுக்குல ஒரு அட்டையை விட்டு அமுக்குனா உள்ள போயிரும். நம்ம ஊர்ல உள்ள அத்தனை பங்களாவும் இப்படித்தான் தொறக்கும். சாவியைத் தொலைச்சுட்டு துபாயில இருந்து போன் போட்டு எங்கிட்டதான் தொறக்கச் சொல்லுவினும்."

அன்றும் வந்து வராந்தாவில் நின்றிருந்த ஜான்ரோஸ் அண்ணனின் முகம் அப்போது எப்படி இருந்தது என்பதை நான் எழுதப் போவதில்லை. அவர் இப்போதும் எனக்கு வேண்டியவர்.

ஐயா ராஜமணியைப் பார்த்தார். ராஜமணி கண்ணை மூடினார். இருபத்தாறு வருட சேவையும் அவர் நெற்றியில் வந்து கூடியது. பிறகு கண்ணைத் திறந்தார்.

"சார், வழி இருக்கு. அந்த அட்டை யாரு குடுத்தது?"

"நம்ம ஆபீஸ்."

"நம்ம ஆபீஸ் குடுத்த காகிதம் நம்ம ஆபீஸ் அறைக்குள்ள போறதுக்கு எவன் உத்தரவும் வேண்டாம் சார். தபால் வரவுதான்."

"ஆனா லேமினேட் பண்ணினதுல்லா? செல்லாதுன்னு நீருதானே திருப்பி விட்டீரு?"

"செல்லாதது இன்னும் நல்லது சார். செல்லாத ஒரு ஆவணம் செஞ்ச காரியமும் செல்லாது. அப்போ கதவு தொறந்ததாவே ஆகாது. தொறக்காத கதவுக்கு என்ன விசாரணை?"

ஐயா அவரை மரியாதையோடு பார்த்தார். நானும்தான். அப்படி ஒரு மூளை ஜெராக்ஸ் கடைக்கு எதிரே வீணாகிக்கொண்டிருப்பதை அன்றுதான் உணர்ந்தேன்.

"அப்போ நான் அந்தப் பக்கம் திரும்பி நிக்கேன்" என்றார் ஐயா.

பூங்கனி அட்டையின் ஒரு மூலையை இடுக்கில் விட்டாள். லேசாக வளைத்தாள். தோளால் ஒரு தள்ளு. மூன்று நாள், மூன்று பக்கக் கடிதம், ஒரு ஜீப், ஒரு நிபுணர் எல்லாவற்றையும் உள்ளே விடாமல் நின்ற கதவு, ஒரு முனகல்கூட இல்லாமல் திறந்தது.

முத்திரை விழுந்தது. தாயையும் மகளையும் நான் என் வண்டியிலேயே ஏற்றிக்கொண்டு இரணியல் பறந்தேன். பிளாட்பாரத்தில் ஓடி ஏறினார்கள். ரெஜிஷா ஜன்னல் வழியாகக் கை காட்டியபோது, நான் படித்த இயற்பியலில் ஒரு பூட்டு நாக்கின் சரிவைப் பற்றி ஒரு வரிகூட இல்லையே என்று நினைத்துக்கொண்டேன்.

அன்று சாயங்காலம் ராஜமணி சாவியை வரவு வைக்கப் பதிவேட்டைத் திறந்தார். வகை என்ற கட்டத்தில் என்ன எழுதுவதென்று தெரியவில்லை. தெளிவுரை வரட்டும் என்று முத்திரை குத்திக் கடிதத்தை அனுப்பிவிட்டு, சாவிகளைப் பாக்கெட் பிரிக்காமல் மறுபடி டிராயரில் வைத்தார். அலுவலக நேரம் முடிந்ததும் விளக்கை அணைத்துவிட்டு, கதவை இழுத்துச் சாத்தினார். 'டக்.'

மறுநாள் காலை பத்து மணிக்கு ஐயா என் கடைக்கு முன்னால் வந்து நின்றார்.

"ஓய், உம்மகிட்ட ஏதாவது அட்டை இருக்கா? நல்லா வெறைப்பா உள்ளது?"

சுவரில் தொங்கிய என் பட்டத்தை எடுத்துக் கொடுத்தேன். முந்தின நாள் பூங்கனி செய்ததைப் பார்த்திருந்தபடி நானே செய்தேன். திறந்தது. எத்தனையோ வாசலுக்கு நான் அதைத் தூக்கிக்கொண்டு போயிருக்கிறேன். அது திறந்த முதல் கதவு அதுதான்.

அடுத்த வாரம் அறிவிப்புப் பலகையில் ஒரு தாள் ஒட்டினார்கள். அதுவும் என் கடையில் டைப் செய்ததுதான். 'விண்ணப்பத்துடன் இணைக்கப்படும் சான்றிதழ்கள் லேமினேட் செய்யப்பட்டிருக்கக் கூடாது' என்பது முதல் வரி. 'காலையில் முதலாவதாக வரும் பொதுமக்கள், கதவைத் திறக்க ஏதுவாக, லேமினேட் செய்த கல்விச் சான்றிதழ் ஒன்றைத் தவறாமல் கொண்டுவர வேண்டும்' என்பது இரண்டாவது வரி.

யாராவது சண்டை போடுவார்கள் என்று எதிர்பார்த்தேன். ஒருவரும் போடவில்லை. எல்லோரும் என் கடையில் வரிசையில் நின்றார்கள். பத்தாம் வகுப்பு மதிப்பெண் சான்றிதழ் மெல்லிசு, ரெண்டே நாளில் மடங்கிவிடும் என்றும், பொறியியல் பட்டம்தான் நல்ல விறைப்பு என்றும் ஊரில் பேச்சானது. "இன்னிக்கு எனக்க மகனுக்க டிகிரிதான் ஆபீசைத் தொறந்துச்சு" என்று தங்கபாய் அக்கா சந்தையில் சொல்லிக்கொண்டே போனார். கூட்டம் தாங்காமல் ராஜமணி வார்டுவாரியாக முறை வைத்தார். நானும் இரண்டாவது மிஷின் வாங்கினேன். ஆனந்தகிருஷ்ணன் ஐயா மாற்றலாகிப் போனார். புதிதாக வந்தவர் 'வழக்கம் என்ன?' என்று கேட்டு அதன்படியே நடந்தார். மாவட்டத்திலிருந்து தெளிவுரையும் வந்தது. கைப்பிடியின் அல்லது பூட்டின் மாதிரி ஒன்றைக் கழற்றி அனுப்பி வைக்குமாறு கேட்டிருந்தார்கள். வகை தெரியாத பொருளைக் கழற்ற விதி இல்லை என்று பதில் போயிற்று.

2015 கடைசியில் ஒருநாள் ரெஜிஷா கடைக்கு வந்தாள். பி.இ. முடித்து, முதல் வகுப்பில் தேறி, ஆறு மாதம் ஆகியிருந்தது. முகம் கறுத்து, செருப்பு தேய்ந்திருந்தது. எனக்குப் பார்த்ததுமே புரிந்தது. அந்தச் செருப்பை நானும் போட்டிருக்கிறேன்.

"வேலை எதாவது ஆச்சா மக்கா?"

"பாத்துக்கிட்டு இருக்கேன் மாமா."

குடும்பத்தின் முதல் பட்டத்தை உறையிலிருந்து எடுத்து, மடங்காமல் இரண்டு கையாலும் பிடித்து, மேசையில் வைத்தாள்.

"லேமினேட் பண்ணணும். கொஞ்சம் கனமாவே போடுங்க. நாளைக்கு எங்க வார்டு முறை."